மாஸ்டரா, கமுயியா, டாவோமா: எந்த சாக் வாங்கலாம்?

கிளப்பில் என்னோடு பூல் ஆடும் தம்பி ஒருவன் போன மாதம் போனை என் முன்னால் நீட்டினான். திரையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சாக், அதாவது க்யூ என்கிற ஆட்டக் கோலின் நுனியில் பூசும் கட்டி. விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். "அண்ணே, இதை வாங்கினா மிஸ்க்யூ நின்னுடுமா?" என்று கேட்டான். அடிக்கும்போது க்யூ பந்தைப் பிடிக்காமல் வழுக்கிவிடுவதுதான் மிஸ்க்யூ.

நான் அவன் க்யூவை வாங்கி, நுனியில் ஒட்டியிருக்கும் தோல் டிப்பை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பல மாதம் அடித்து அடித்து இறுகிப்போய் தோல் கண்ணாடி மாதிரி மின்னியது. ஓரம் காளான் போல விரிந்து டிப்புக்குக் கீழே உள்ள ஃபெருல் வளையத்தைத் தாண்டி வெளியே வந்திருந்தது. அப்படிப்பட்ட தோலில் இருபது ரூபாய் சாக்கும் உட்காராது, இரண்டாயிரம் ரூபாய் சாக்கும் உட்காராது. உப்புத்தாள் எடுத்து ஓரத்தைச் சீவி, மேற்பரப்பைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கிக் கொடுத்தேன். மேஜையில் கிடந்த பச்சை சாக்கையே பூசிக்கொண்டு ஆடினான். அன்று மாலை முழுக்க ஒரே ஒரு மிஸ்க்யூதான்.

ஆனாலும் அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. டிப் சரியாக இருக்கிறது, அடியும் ஓரளவு நேராக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் எந்த சாக் வாங்குவது? சில வருடமாக நான் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் சாக் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். டிப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதற்குள் தோல் வழுக்காமல் பந்தைப் பிடித்தாக வேண்டும். நடுவில் அடிக்கும்போது இந்தப் பிடி பெரிய விஷயமில்லை. கீழே இறக்கி அடித்து வெள்ளைப் பந்தைப் பின்னால் இழுக்கும் டிரா எடுக்கும்போதும், பக்கத்தில் தள்ளி அடித்துப் பக்கச் சுழற்சி தரும் சைடு கொடுக்கும்போதும் பந்தின் சரிவான இடத்தில் அடிக்கிறோம். அங்கேதான் சாக் கைகொடுக்கிறது. பூல் பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டர். நன்றாக சாக் பூசிய டிப் நடுவிலிருந்து சுமார் 14 மில்லிமீட்டர் வரை, அதாவது ஆரத்தில் பாதி தூரம் வரை பிடிக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் எதைப் பூசியிருந்தாலும் டிப் நழுவும்.

இந்த எல்லையைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பட்டை போட்ட பந்து ஒன்றை எடுத்து, பட்டை கிடைமட்டமாக இருக்கும்படி வைத்து, அதையே வெள்ளைப் பந்தாக நினைத்து அடியுங்கள். பெரும்பாலான பந்துகளில் பட்டையின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கிட்டத்தட்ட இந்தப் பாதி ஆரத்தில்தான் வரும். அடித்த பிறகு பந்தை எடுத்து சாக் புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். "கீழே நல்லா இறக்கித்தான் அடிச்சேன்" என்று சொல்லும் பலருக்கும் புள்ளி பட்டைக்கு உள்ளேயே, நடுவை ஒட்டித்தான் இருக்கும். டிரா வரவில்லை என்று சாக்கைக் குறை சொல்லும் முன் இதை ஒருமுறை செய்து பார்த்துவிடுவது நல்லது.

அமெரிக்காவில் கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் இயந்திரவியல் பேராசிரியராக இருந்த டேவிட் ஆல்சியாட்டோரே, பூல் ஆடுபவர்களுக்கு 'டாக்டர் டேவ்' என்றால் தெரியும், விலை குறைந்ததும் கூடியதுமாகப் பல சாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்திருக்கிறார். டிப் முழுக்க ஒழுங்காகப் பூசியிருந்தால் எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு ஸ்பின்தான் தருகின்றன என்பது அவர் கண்ட முடிவு. என் அனுபவமும் அதேதான். பெட்டியின் மேல் "அதிக ஸ்பின்" என்று அச்சடித்திருந்தால் அந்த வரியை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் விலை வித்தியாசம் எதற்கு? ஒருமுறை பூசினால் எத்தனை ஷாட் தாங்கும் என்பதற்கும், பந்திலும் துணியிலும் கையிலும் எவ்வளவு அழுக்கு விடும் என்பதற்கும்தான். இதில் இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று டாவோமைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இடையில் ஒன்று. நாம் சாக் என்று சொன்னாலும் இது பள்ளிக்கூடத்து சாக்பீஸ் இனமே இல்லை. பழைய காலத்தில் நிஜமான சுண்ணாம்பைத்தான் பூசினார்கள். சிகாகோவில் வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரும் சேர்ந்து, சிலிக்காவோடு குருந்தம் போன்ற கடினமான அராவு பொருளைக் கலந்து புதுக் கலவை ஒன்றைச் செய்து 1897-ல் காப்புரிமை வாங்கினார்கள். இன்று நாம் வாங்குகிற சாக்கெல்லாம் அந்தக் கலவையின் வழிவந்தவை. ஸ்பிங்க்ஸ் பிற்பாடு கலிஃபோர்னியாவில் வெண்ணெய்ப்பழத் தோட்டம் போட்டார், அவர் பெயரில் ஒரு வெண்ணெய்ப்பழ ரகமே இருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி. நமக்கு வேண்டிய விஷயம் இது: சாக் என்பது மிக நுண்ணிய உப்புத்தாள் தூள். துணியில் கொட்டினால் துணியை அராவும், பந்தில் ஒட்டினால் பந்தின் பளபளப்பைக் கெடுக்கும்.

சரி, கடைக்கு வருவோம்.

மாஸ்டர், ட்ரையாங்கிள் இரண்டும் சிகாகோவின் ட்வீட்டன் நிறுவனம் பல காலமாகக் கொண்டுவந்த பெயர்கள். அமெரிக்கப் பூல் கூடங்களில் மாஸ்டர்தான் எங்கும் கிடக்கும். ஸ்னூக்கர் ஆடுபவர்களிடம் பச்சை ட்ரையாங்கிள். நம் ஊரில் பல கிளப்புகளில் ஸ்னூக்கர் மேஜையும் பூல் மேஜையும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதால் பூல் ஆடுபவர்களும் அந்தப் பச்சையைத்தான் எடுத்துப் பூசுகிறார்கள். விலை மிகக் குறைவு. டஜன் பெட்டி வாங்கினால் வாரம் இரண்டு மூன்று நாள் ஆடும் ஒருவருக்கு வருடக்கணக்கில் வரும்.

இவற்றில் எனக்குப் பிடித்தது, எந்த டிப்பிலும் எளிதாக ஏறிவிடும் என்பதுதான். இரண்டு மூன்று தடவை வருடினால் போதும், சீரான படலம் உட்கார்ந்துவிடும். குறை என்னவென்றால் சீக்கிரம் உதிரும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பூச வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கும் பலமான முதல் அடியான பிரேக் அடித்தால் டிப்பிலிருந்து ஒரு சின்ன நீலப் புகை கிளம்புவதைப் பார்க்கலாம், வெள்ளைப் பந்தில் நீலப் புள்ளி கட்டாயம் விழும். என் கைக்கு ட்ரையாங்கிள் கொஞ்சம் காய்ந்ததாகவும், மாஸ்டர் கொஞ்சம் மாவுத்தன்மையோடும் தெரிகிறது. ஆட்டத்தில் வித்தியாசம் தெரியாது.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் பூச வேண்டும் என்பதைக் குறையாகச் சொன்னேன். ஆனால் புதிதாக ஆடுபவருக்கு அதுவே நல்ல பழக்கம். சாக் பூசும் அந்த ஐந்தாறு நொடியில் மேஜையைப் பார்க்கலாம், அடுத்த பந்துக்கு வெள்ளை எங்கே நிற்க வேண்டும் என்று யோசிக்கலாம். பூசாமலேயே குனிந்து அடித்துவிடும் அவசரம் தானாகக் குறையும்.

இவற்றைப் போலவே பெட்டி அச்சடித்து வரும் பெயர் தெரியாத சரக்கு ஒன்று உண்டு. மேஜை வாங்கும்போது இலவசமாகத் தருவதும் பெரும்பாலும் அதுதான். தேய்த்தால் கரகரவென்று மணல் உரசுவது போல இருக்கும், பாதி மாவாகக் கொட்டும், மீதி டிப்பில் திட்டுத் திட்டாக நிற்கும். ஒரு லீக் ஆட்டத்தில் கடைசி ஒன்பதாம் பந்துக்கு லேசாக வலது சைடு கொடுத்து அடிக்கப்போய் க்யூ நழுவி, நான் தோற்றது அப்படிப்பட்ட ஒரு கட்டியோடுதான். டிப்பைத் திருப்பிப் பார்த்தால் வலது ஓரத்தில் அரிசி அளவுக்குத் தோல் தெரிந்தது. அன்றிலிருந்து கிளப் சாக்கை நம்புவதில்லை, என் கட்டி என் பாக்கெட்டில் இருக்கும். மாஸ்டருக்கும் இந்தச் சரக்குக்கும் விலையில் சில ரூபாய்தான் வித்தியாசம், ஆட்டத்தில் உள்ள வித்தியாசம் பெரிது. மாஸ்டருக்கும் டாவோமுக்கும் இடையில்கூட அவ்வளவு தூரம் இல்லை.

சில்வர் கப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. மாஸ்டர் வகையறாதான், பல நிறங்களில் கிடைக்கும். துணியின் நிறத்துக்கு ஏற்ற சாக் தேடுபவர்களுக்கு உதவும்.

நிறம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். உலகப் பூல் சங்கத்தின் விதிகளிலேயே, ஆட்டக்காரர் சொந்த சாக் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் நிறம் துணியோடு ஒத்துப்போக வேண்டும் என்று இருக்கிறது. பச்சைத் துணிக்குப் பச்சை, நீலத் துணிக்கு நீலம். நீலத் துணி போட்ட மேஜையில் ஒரு வாரம் பச்சை சாக் பூசி ஆடினால், பிரேக் அடிக்கும் கோடான ஹெட் ஸ்ட்ரிங் பக்கமும் குஷன் ஓரமும் பாசி படர்ந்தது போல ஆகிவிடும். அதைத் தட்டித் துடைப்பது கிளப்பில் மேஜைகளைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணன்தான். சைமோனிஸ் போன்ற நல்ல துணியின் விலை தெரிந்தவர்கள் இந்த விஷயத்தில் சமரசம் செய்யமாட்டார்கள். சிவப்பு, ஊதா, ஆரஞ்சு என்று அழகுக்காக வாங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நடு விலையில் இரண்டு பெயர்கள். இத்தாலியின் லாங்கோனி நிறுவனத்தின் ப்ளூ டயமண்ட், ப்ரிடேட்டரின் 1080 ப்யூர். இரண்டுமே மாஸ்டரைவிட மென்மையான துகள், டிப்பில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும், கையில் ஒட்டுவது குறைவு. ப்ளூ டயமண்டை நான் ஒரு வருடம் வைத்திருந்தேன். பூசும்போது பட்டுத்துணியை வருடுவது போல ஒரு சுகம். மாஸ்டரிலிருந்து ஒரு படி மேலே போக வேண்டும், ஆயிரக்கணக்கில் செலவழிக்க மனமில்லை என்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். 1080-யும் நல்லதுதான், எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது ஜப்பானின் கமுயி. டிப் தயாரிப்பில் பெயர் வாங்கிய கம்பெனி. 0.98, 1.21 என்ற எண்களோடு வரும் சாக்குகளும், ரோகு என்ற அறுகோண சாக்கும் இவர்களுடையவை. ஜப்பானிய மொழியில் ரோகு என்றால் ஆறு. ஒரு கட்டிக்கு 25, 30 டாலர் என்று விலை போனபோது, சாக்குக்கு இவ்வளவு விலையா என்று பலரும் வாய் பிளந்தார்கள். பூசிப் பார்த்தால் வேறு பொருள் என்று உடனே தெரியும். பிசுபிசுப்பான, கெட்டியான படலம், கிட்டத்தட்ட சந்தனம் அப்பியது போல. ஒருமுறை பூசினால் பல ஷாட் தாங்கும். பூச மறந்துவிடும் பழக்கம் உள்ளவருக்கு இது பெரிய ஆறுதல்.

எனக்குச் சரிவராததற்கும் காரணம் அதே பிசுபிசுப்புதான். டிப்பில் ஒட்டுவது பந்திலும் ஒட்டும். வெள்ளைப் பந்தில் நல்ல அழுத்தமான புள்ளிகள் விழுகின்றன, துணியாலும் லேசில் போவதில்லை. மாஸ்டர் பழக்கத்தில் அழுத்தித் தேய்த்தால் அளவுக்கு மீறி அப்பிவிடும். மெதுவாக ஒரு தடவை தொட்டு எடுக்க வேண்டும். ஏசி ஓடாத கூடத்தில், அக்டோபர் நவம்பர் மழைக்கால ஈரத்தில், என் கட்டி பாகு பிடித்தது போல ஆகிவிட்டது. கடற்கரை ஊர்களில் ஆடுபவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக டாவோம். ஃபின்லாந்து நாட்டுச் சரக்கு. பூலுக்கு வி10, பைரோ என்ற வகைகள், ஸ்னூக்கருக்கு சாஃப்ட். தொழில்முறை ஸ்னூக்கரில் பலர் பழைய பச்சை ட்ரையாங்கிளைத் தூக்கிவைத்துவிட்டு இதற்கு மாறினார்கள். அவர்கள் ஸ்பின்னுக்காக மாறவில்லை. காரணம் 'கிக்'.

கிக் என்பது என்ன? வெள்ளைப் பந்தில் ஒரு சாக் புள்ளி இருக்கிறது. அது உருண்டு போய் இன்னொரு பந்தை மோதும் அந்த நொடியில், தற்செயலாக அந்தப் புள்ளி சரியாக மோதும் இடத்தில் வந்துவிட்டால், இரண்டு பந்துக்கும் நடுவில் ஒரு பொட்டு உப்புத்தாள் வைத்தது போல ஆகிவிடும். இரண்டு மழமழப்பான பந்துகள் வழுக்கிக்கொண்டு பிரிய வேண்டிய இடத்தில், கணநேரம் பிடித்துக்கொண்டு பிரியும். ஓரத்தில் வெட்டி அடித்த பந்து நினைத்ததைவிட தடிமனாகப் போகும், அதாவது வேண்டிய அளவு பக்கவாட்டில் விலகாது. சத்தமே மாறும், 'டக்' என்ற தெளிவான ஒலிக்குப் பதில் மொத்தையாக ஒரு 'தப்'. சில சமயம் பந்து லேசாகத் துள்ளுவதைக்கூடப் பார்க்கலாம். பூலில் இதை ஸ்கிட் என்றும் க்ளிங் என்றும் சொல்வார்கள். பந்தின் பாதியை மட்டும் தொடும்படி மெதுவாக அடிக்கும் வெட்டுகளில்தான் இது அதிகம் வதைக்கும். நீங்கள் சரியாகத்தான் அடித்தீர்கள், பந்து பாக்கெட்டின் தாடையில் பட்டு நின்றுவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வது?

பந்தில் புள்ளிகள் குறைந்தால் இதற்கான வாய்ப்பும் குறையும். அங்கேதான் டாவோம் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது. வெள்ளைப் பந்தை நன்றாகத் துடைத்துவிட்டு மாஸ்டர் பூசிப் பத்து ஷாட் அடியுங்கள். மறுபடி துடைத்து, டிப்பையும் சுத்தம் செய்து, வி10 பூசிப் பத்து அடியுங்கள். முதல் பந்து அம்மை போட்டது போல இருக்கும். இரண்டாவதில் புள்ளிகளைத் தேட வேண்டியிருக்கும், இருப்பதும் விரலால் துடைத்தால் போய்விடும். துணியும் கையும் க்யூவின் மரமும் சுத்தமாகவே இருக்கும்.

டாவோமுக்கும் சங்கடங்கள் உண்டு. கட்டி இறுக்கமானது, மாஸ்டர் போல மாவாக ஏறாது. பூசும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும், சிலருக்குப் பல் கூசும். படலம் மெல்லியது என்பதால் பூசினோமா இல்லையா என்று கண்ணால் சொல்வது கஷ்டம். பழைய சாக் ஒட்டியிருக்கும் டிப்பின் மேலேயே பூசினால் இரண்டும் கலந்து எதுவுமே ஒழுங்காக நிற்காது. முதல் வாரம் எனக்கு மிஸ்க்யூ கூடியதற்கு அதுதான் காரணம். டிப்பை நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகு சரியானது. அப்புறம் இன்னொன்று: நீங்கள் மட்டும் டாவோம் பூசி, எதிராளி கிளப் சாக்கைப் பூசினால் வெள்ளைப் பந்தில் அவர் புள்ளிகள் இருக்கத்தான் செய்யும். ஒரே பந்தைத்தானே இருவரும் அடிக்கிறீர்கள். வாரக்கடைசியில் நண்பர்களோடு ஆடும் மேஜையில் இதன் முழுப் பலன் கிடைக்காது. வீட்டில் சொந்த மேஜை இருந்தாலோ, ஒரு குழுவே பேசிவைத்து மாறினாலோதான் கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

ஆகவே என் கணக்கு இப்படி. ஆட ஆரம்பித்து ஒன்றிரண்டு வருடத்துக்குள் இருப்பவர், கிளப் மேஜையில் ஆடுபவர்: துணி நிறத்துக்கு ஏற்ற மாஸ்டர் அல்லது ட்ரையாங்கிள். மிச்சப்படும் பணத்தை ஒரு நல்ல டிப் போடவும், டிப்பைச் சொரசொரப்பாக்கும் கருவி வாங்கவும் செலவழியுங்கள், ஆட்டத்தில் பலன் உடனே தெரியும். பூச அடிக்கடி மறப்பவர், வறண்ட ஊரிலோ ஏசி கூடத்திலோ ஆடுபவர்: கமுயியை யோசிக்கலாம், கொஞ்சமாகப் பூசப் பழகிக்கொண்டால். வீட்டில் மேஜை போட்டவர் டாவோம் வாங்கட்டும், தயங்க வேண்டாம். துணி மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அந்த விலை ஒன்றுமே இல்லை. போட்டிகளில் ஆடுபவர்களில் நுணுக்கமாக மெதுவாக வெட்டி ஆடுகிறவருக்கும் டாவோம்தான். பிரேக் க்யூவுக்கு எதைப் பூசினாலும் போதும்.

எதை வாங்கினாலும் பூசும் விதம் ஒன்றுதான். கட்டியை டிப்பின் மேல் வைத்துக் க்யூவை மத்து கடைவது போல உருட்டாதீர்கள். அப்படிச் செய்தால் கட்டியில் ஆழமாகக் குழி விழும், குழியின் சுவர் ஃபெருலில் உரசி நீலம் பிடிக்கும், டிப்பின் உச்சியில் சாக் சரியாக ஏறாது. க்யூவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, கட்டியின் விளிம்பால் ஓரத்திலிருந்து உச்சி நோக்கி வருடி, க்யூவைத் திருப்பித் திருப்பி சுற்றிலும் பூசுங்கள். முடிந்ததும் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பார்வை. பளபளவென்று தோல் எங்கேயாவது தெரிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு வருடல். இதையெல்லாம் மேஜைக்கு மேலே வைத்துச் செய்ய வேண்டாம், ஓர் அடி பின்னால் வாருங்கள். கட்டியை மேஜையின் மர விளிம்பான ரெயிலில் வைக்கும்போது குழிப்பக்கம் மேலே பார்க்கட்டும். கவிழ்த்து வைத்தால் தூள் மரத்தில் கொட்டி, அங்கிருந்து அடுத்து சாய்ந்து நிற்பவரின் வெள்ளைச் சட்டைக்கும், அதற்கடுத்து துணிக்கும் போகும்.

என் பையில் இப்போது இரண்டு கட்டிகள். பயிற்சிக்கு நீல மாஸ்டர், போட்டிக்கு வி10. மாற்றும் நாளில் டிப்பைச் சுரண்டி எடுக்க மறப்பதில்லை. தம்பி அந்த இரண்டாயிரம் ரூபாய் ஆர்டரைப் போடவில்லை. ஒரு பெட்டி மாஸ்டரும் நாலு தாள் உப்புத்தாளும் வாங்கியிருக்கிறான். அடுத்த மாதப் போட்டிக்கு முன்னால் என் வி10-ஐ இரண்டு வாரம் கடன் கேட்டிருக்கிறான், ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்வானாம்.